கதையை ஆய்வு செய்யச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

வெண்தாள்

வணக்கம். இளங்கலை இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, நோக்குநிலை, பின்னணி, முரண்நகை, குறியீடு, படிமம், தொனி என்று முப்பது சொற்களுக்கு மேல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு சிறுகதையைக் கையில் கொடுத்து "ஆய்வு செய்க" என்றால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

போன வாரம் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இது கதைச்சுருக்கம்." சரி என்று அடுத்த கதைக்கு நோட்டில் இருந்த சொற்களை நிறையப் போட்டு எழுதினேன். "இக்கதையில் குறியீடு சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது, பாத்திரப்படைப்பு அருமை" என்ற மாதிரி. அதற்கு "எங்கே? எப்படி?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய வேண்டும்? பொறுமையாகச் சொல்லித் தருபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

பழையபக்கம்

"எங்கே? எப்படி?" என்று எழுதியவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதினாலே ஆய்வில் பாதி முடிந்துவிடும்.

பல வருடங்களாகக் கதை வகுப்பு எடுக்கிறேன். கலைச்சொல் என்பது ஒரு கேள்வியை மடித்து வைத்த காகிதம் என்று மாணவர்களிடம் சொல்வேன். பிரித்துப் பார்க்க வேண்டும். "கதைசொல்லி" என்ற சொல்லைப் பிரித்தால், இதை யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதை அவர் பார்க்கவில்லை என்ற கேள்விகள் உள்ளே இருக்கும். "பின்னணி" என்றால், இதே சம்பவம் வேறு இடத்தில், வேறு பொழுதில் நடந்திருந்தால் எது கெட்டுப்போகும்? "குறியீடு" என்றால், இந்த ஒரு பொருளை ஏன் கதை விடாமல் காட்டிக்கொண்டே இருக்கிறது? உங்கள் நோட்டில் விளக்கம் எழுதிய இடத்தில் கேள்வியை எழுதிப் பாருங்கள், பேனா நகரும்.

வெறுமனே பேசிக்கொண்டிருந்தால் பிடிபடாது. வகுப்புக்காக நானே எழுதிய ஒரு சின்னத் துண்டைக் கீழே தருகிறேன். இதை வைத்தே பேசுவோம்.

> எங்கள் வீட்டு வாசற்கதவு திறந்தால் கத்தும். அப்பா வேலையிலிருந்து வருவதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா தெரிந்துகொள்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் ஓர் ஆணிகூட அடித்தறியாதவர் அப்பா. நான்தான் டார்ச் பிடித்தேன். கீல் ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு விட்டு, கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. "எப்படி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இனிமே நீங்க வர்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்தார். புதன்கிழமை விடிந்தபோது கதவு திறந்தே கிடந்தது. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: "பாத்தியா, அப்பா நல்லாத்தான் சரி பண்ணியிருக்காரு. ராத்திரி யாருக்குமே கேக்கல."

இரண்டு முறை படியுங்கள். பிறகு, என்ன நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

வெண்தாள்

அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். சத்தம் கேட்கக்கூடாது என்று முன்னாடியே கதவுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். படித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஐயா.

மூன்றாம்வாசகன்

ஒரு நிமிடம். அப்பா போய்விட்டார் என்று எந்த வரியில் இருக்கிறது? கதவு திறந்து கிடந்தது என்று மட்டும்தானே இருக்கிறது? திருடன் வந்திருக்கலாம். அப்பா காலையில் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கலாம்.

பழையபக்கம்

அருமையான தடை. வெண்தாள், மூன்றாம்வாசகனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். துண்டில் இருக்கும் சொற்களை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும்.

வெண்தாள்

முயற்சி செய்கிறேன். ஓர் ஆணிகூட அடிக்காதவர் திடீரென்று கதவைச் சரிசெய்கிறார். அம்மா ஒரு கேள்வி கேட்கிறாள், அவர் பதிலே சொல்லவில்லை. எண்ணெய் போன பிறகும் கையைத் துடைக்கிறார், அதாவது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கைக்கு ஒரு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். திருடன் என்றால் இந்த மூன்றும் எதற்கு? நடைப்பயிற்சி என்றாலும் எதற்கு?

பழையபக்கம்

நீங்கள் இப்போது எழுதிய இந்த ஐந்தாறு வரிதான் ஆய்வு. உங்கள் நான்கு பக்கத்தில் இல்லாமல் போனது இது. ஒரு முடிவைச் சொன்னீர்கள், ஒருவர் மறுத்தார், உடனே கதைக்குள் போய்ச் சான்றுகளை எடுத்து வந்தீர்கள். ஒரு கலைச்சொல்கூடப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சொற்கள் இனிமேல் வரட்டும்.

முதலில் கதை, கதைப்பின்னல் என்ற இரண்டு. இவற்றை ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் பிரித்துக் காட்டினார், இன்றுவரை அதைவிட எளிதாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தாள் என்றால் கதை. ராஜா இறந்தார், அந்தத் துயரத்தால் ராணி இறந்தாள் என்றால் கதைப்பின்னல். முதலாவதில் "அப்புறம்?" என்று கேட்கிறோம், இரண்டாவதில் "ஏன்?" என்று கேட்கிறோம். அவரே மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறார்: ராணி இறந்தாள், காரணம் யாருக்கும் புரியவில்லை, ராஜா இறந்த துயரம்தான் அது என்று பிறகே தெரிந்தது. காரணத்தை ஒளித்து வைத்து நம்மைத் தேடவிடும் வகை.

நம் துண்டு அந்த மூன்றாவது வகை. இன்னும் ஒரு படி மேலே போய், காரணத்தைக் கடைசிவரை சொல்வதே இல்லை. "ஆகையால்", "அதனால்" போன்ற ஒரு சொல்கூட அதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையையும் புதன்கிழமையையும் முடிச்சுப் போடுவது வாசகர்தான். கதைச்சுருக்கம் எழுதும்போது நாம் "அப்புறம், அப்புறம்" என்று போகிறோம். ஆய்வில் "ஏன் இந்த வரிசை, ஏன் இந்த மௌனம்" என்று நின்று பார்க்கிறோம்.

நிழல்வரி

நல்ல இழை. அகப்பாடல்களில் ஆய்வு செய்கிறேன், அதனால் கதைசொல்லி பற்றி ஒன்று சொல்ல ஆசை.

மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்ப்பது: "ஆசிரியர் தன் அப்பா வீட்டை விட்டுப் போனதைச் சொல்கிறார்." நான் என்று கதையில் வந்தால் அது ஆசிரியர்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதே மாணவர்கள் சங்கப் பாடலைப் படிக்கும்போது இந்தத் தவறைச் செய்வதே இல்லை! குறுந்தொகை 25ஆம் பாடலைப் பாடியவர் கபிலர், ஆனால் அது தலைவி கூற்று. கபிலர் தன் சொந்தக் காதலைப் புலம்புகிறார் என்று எந்த மாணவரும் எழுதுவதில்லை. பாடியவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர் என்ற பிரிவினை நமக்குப் பள்ளியிலேயே பழகிவிட்டது. கூற்று, கேட்போர் என்ற அந்தப் பழக்கத்தை அப்படியே சிறுகதைக்கும் கொண்டுவாருங்கள். இது யார் கூற்று? யாரிடம் சொல்லப்படுகிறது? பேசுபவர் எதை அறியாமல் பேசுகிறார்?

இங்கே பேசுபவன் ஒரு சிறுவன், அல்லது சிறுமி. பையன் என்றுதான் எனக்குத் தோன்றியது, ஆனால் துண்டில் அப்படி எங்கும் இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்பா கதவைச் சரிசெய்தது ஒரு சாதனை. நமக்கு அது வேறு. சொல்பவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் விழுகிற இந்த இடைவெளி இருக்கும்போது "நம்பகமற்ற கதைசொல்லி" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத் 1961இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். நம்பகமற்ற என்றதும் பொய் சொல்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குழந்தை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பார்த்ததையெல்லாம் சரியாகச் சொல்கிறது, பொருள் மட்டும் அதற்கு எட்டவில்லை.

பின்பெஞ்சு

நான் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு சந்தேகம். நோக்குநிலையும் கதைசொல்லியும் ஒன்றுதானே? எங்கள் கைடில் இரண்டுக்கும் தன்மை, படர்க்கை என்றுதான் போட்டிருக்கிறது.

நிழல்வரி

பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை, ஆனால் ஒன்றல்ல. பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனத் 1972இல் இதற்கு இரண்டு கேள்வி வைத்தார்: யார் பேசுகிறார்? யார் பார்க்கிறார்? "அவன் கதவைப் பார்த்தான். சத்தம் போகவில்லையே, அப்பாவுக்குத் திட்டு விழப்போகிறது" என்று எழுதினால் பேசுவது படர்க்கைக் குரல், பார்ப்பது பையனின் கண். படர்க்கையில் எழுதியும் ஒருவர் மனதுக்குள்ளேயே இருக்க முடியும். அதனால் தன்மை, படர்க்கை என்று எழுதியதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இதே துண்டை அம்மாவின் கண் வழியாக எழுதிப் பாருங்கள். அந்தக் கடைசி வரியை வைக்கவே முடியாது. வைத்தாலும் அதில் இந்த வலி இருக்காது. நோக்குநிலை ஏன் முக்கியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தனிவழி

எனக்கு ஒரு வருத்தம், சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டை முதலில் படித்தபோது தொண்டை அடைத்தது. இப்போது பத்துப் பதிவு தாண்டிவிட்டோம், நம்பகமற்ற கதைசொல்லி, கதைப்பின்னல் மூன்றாம் வகை என்று போய்க்கொண்டிருக்கிறது. எனக்குள் இருந்த அந்த உணர்வு எங்கே போனது? பள்ளியில் எனக்குக் கவிதை பிடிக்காமல் போனதே இப்படித்தான். அணி இலக்கணம் எழுதி எழுதி, பாட்டு காதில் விழாமலே போய்விட்டது. கதை படிக்க இவ்வளவு சொற்கள் எதற்கு?

பழையபக்கம்

தனிவழி, உங்கள் வருத்தம் நியாயமானது, பாதி உண்மை எங்கள் மேல்தான் விழுகிறது. உணர்வு வருவதற்கு முன்பே சொல்லைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் நான் துண்டைத் தந்துவிட்டு, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். வெண்தாள் "ஒரு மாதிரி ஆகிவிட்டது" என்று எழுதிய இடம்தான் எனக்குத் தொடக்கம். அந்த "ஒரு மாதிரி" எந்த வரியில் வந்தது என்று தேடப் போகும்போதுதான் சொல் தேவைப்படுகிறது. உங்களுக்குத் தொண்டை அடைத்தது எந்த வரியில்?

தனிவழி

கடைசி வரியில் இல்லை. "எண்ணெய் போன பிறகும் துடைத்தார்" என்ற இடத்தில்.

பழையபக்கம்

பார்த்தீர்களா, வெண்தாளுக்கு முடிவில், உங்களுக்கு நடுவில். அந்த வரியில் அப்பாவின் மனநிலை பற்றி ஒரு சொல்கூட இல்லை. குற்ற உணர்வு என்றோ தயக்கம் என்றோ எழுதியிருந்தால் உங்களுக்கு அங்கே அடைத்திருக்குமா? பாத்திரப்படைப்பில் நேரடியாகச் சொல்வது, செயல் வழியாகக் காட்டுவது என்று இரண்டு முறை உண்டு என்று நோட்டில் இருக்கும். வறண்ட வாக்கியம் அது. உங்கள் தொண்டைதான் அதற்கு உரை.

தனிவழி

சரி, இப்படிச் சொன்னால் கேட்கிறேன். தொடருங்கள்.

வெண்தாள்

எனக்கு அதிகம் குழப்புவது "கரு". வகுப்பில் கதைக்கரு என்கிறார்கள், கருத்து என்கிறார்கள், கருப்பொருள் என்கிறார்கள். எல்லாம் ஒன்றா? இந்தத் துண்டின் கரு என்ன, "பிரிவு" என்று எழுதலாமா?

நிழல்வரி

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணமில்லை, அந்தச் சொல்லுக்கே இரண்டு வாழ்க்கை இருக்கிறது. தொல்காப்பியத்தில் முதல், கரு, உரி என்று மூன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று அந்த நிலத்துக்குரியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். இன்றைய சிறுகதை விமர்சனத்தில் கரு என்றால் கதையின் மையக் கருத்து. ஆக, பழைய இலக்கணத்தில் கருப்பொருள் என்பது இன்றைய "பின்னணி"க்குப் பக்கத்தில் நிற்கிறது, இன்று நாம் கரு என்று சொல்வதற்கு அன்றைய உரிப்பொருள்தான் நெருக்கம். இரண்டு தாள்களையும் ஒரே வாரத்தில் படித்தால் குழம்பத்தான் செய்யும். கட்டுரையில் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள் என்று முதல் முறை ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள்.

பழையபக்கம்

நிழல்வரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "பிரிவு" என்று ஒரு சொல்லில் எழுதினால் அது பேசுபொருள் மட்டுமே. பிரிவைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. பிரிவைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுதினால் கரு கிடைக்கும். எழுவாய், பயனிலை இரண்டும் இருக்க வேண்டும். "ஒருவரை இழப்பதற்கான ஏற்பாடு நம் கண் முன்னாலேயே, நம் கையாலேயே நடக்கும், அப்போது அது நமக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கும்" என்று நான் எழுதுவேன். நீங்கள் வேறு மாதிரி எழுதலாம். சான்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "எல்லோரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்" என்று நீதி எழுதி முடிக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள், நீதிக்கதையில் வருவது வேறு, கரு வேறு.

மூன்றாம்வாசகன்

குறியீடுக்கு வரலாமா? எனக்குத் தோன்றியவை: கதவு, இந்தக் குடும்பத்தின் உறவு. எண்ணெய், பணம். நாலு சொட்டு, வீட்டில் இருக்கும் நாலு பேர். டார்ச், உண்மையின் வெளிச்சம். தையல் மெஷின், அம்மாவின் உழைப்பு. புதன், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, அந்தப் புதன்.

பழையபக்கம்

உற்சாகம் பிடித்திருக்கிறது, அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒரு பொருள் குறியீடா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது: முதலில் அது கதைக்குள் வெறும் பொருளாகவே வேலை செய்ய வேண்டும், பிறகு கதை அதை மறுபடியும் தொட வேண்டும், அப்புறம் நாம் தரும் விளக்கம் மற்ற வரிகளோடு ஒத்துப்போக வேண்டும்.

கதவின் சத்தம் முதல் வரியிலேயே வருகிறது, அப்பா அதை அடக்குகிறார், அம்மா அதைப் பற்றிக் கேட்கிறாள், கடைசி வரியும் அதைப் பற்றித்தான். சோதனையில் தேறிவிட்டது. ஒருவர் இருப்பை இன்னொருவருக்கு அறிவிக்கும் ஒலி அது, அதை இல்லாமல் செய்வதில் பிரிவு தொடங்கிவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் சுவாரசியமானது. அம்மாவின் பொருள் என்று துண்டு சொல்லவில்லை, ஆனால் அப்பா வீட்டு வேலை எதுவும் செய்யாதவர் என்பதால் அது அம்மாவுடையதாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். நாலு சொட்டு, நாலு பேர்? துண்டில் மூன்று பேர்தான் வருகிறார்கள். பணத்துக்கு எந்தச் சான்றும் இல்லை. புதன்கிழமைக்கு அந்தப் பழமொழியைக் கொண்டுவந்தால், அது உங்கள் ஞாபகத்திலிருந்து வந்தது, கதையிலிருந்து வரவில்லை.

பின்பெஞ்சு

படிமம், உருவகம், குறியீடு மூன்றுக்கும் என்ன வேறுபாடு? ஒவ்வொரு தேர்விலும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

நிழல்வரி

சுருக்கமாகச் சொல்கிறேன். "எண்ணெய் போன பிறகும் துடைத்தார்" என்று படிக்கும்போது மனக்கண்ணில் ஒரு காட்சி விரிகிறதே, அது படிமம். கண் என்று மட்டுமில்லை, கதவின் கத்தல் காதுக்கான படிமம். "அவர் மௌனம் ஒரு பூட்டு" என்று எழுதினால் உருவகம், ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிடுகிறோம். அந்தத் துண்டில் உருவகம் ஒன்றுகூட இல்லை, தேடிப் பாருங்கள். கதவு கதவாகவே இருந்துகொண்டு கதை முழுவதும் கூடுதல் பொருளைச் சுமந்தால் குறியீடு. நம் மரபில் உள்ளுறை உவமம் இதற்கு நெருங்கிய உறவு. வெளியே இயற்கைக் காட்சி மட்டும்தான் சொல்லப்படும், மனிதர் செய்தி அதற்குள் மறைந்திருக்கும், ஒப்பிடும் உருபே வராது. அதைப் படித்துப் பழகிய கண்ணுக்குக் குறியீடு எளிதாகப் பிடிபடும்.

இன்னொன்று. பள்ளியில் தற்குறிப்பேற்ற அணிக்குச் சிலப்பதிகாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு படித்திருப்பீர்கள். மதுரை மதில் மேல் கொடி காற்றில் ஆடுவதை, கோவலனையும் கண்ணகியையும் வராதீர்கள் என்று கை காட்டுவது போல இளங்கோ சொல்லுவார். அதை அணி என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு விட்டுவிடுகிறோம். கதையாகப் பாருங்கள்: வரப்போகும் கேட்டை வாசகருக்கு முன்பே உணர்த்தும் இடம் அது. முன்னுணர்த்தல் என்று கதை ஆய்வில் சொல்வது இதைத்தான். பாத்திரங்களுக்குக் கொடி வெறும் கொடி, நமக்கு எச்சரிக்கை.

பின்பெஞ்சு

அது முன்னுணர்த்தல் என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை! அப்படியென்றால் நம் துண்டில் அம்மா கேட்கும் கேள்விதான் முன்னுணர்த்தலா?

பழையபக்கம்

ஆமாம். அதில் முரண்நகையும் சேர்ந்தே இருக்கிறது. அவள் கவலை, அவர் வருவது தெரியாமல் போய்விடுமே என்பது. கடைசியில் தெரியாமல் போனது, அவர் போவது. "வர்றது" என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது.

முரண்நகை என்றதும் கிண்டல் என்று எழுதுகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். பேசுபவர் நினைப்பதற்கு எதிரானதைச் சொல்வது சொல் முரண்நகை. நம் துண்டில் அது கிடையாது, யாரும் குத்தலாகப் பேசவில்லை. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பது நாடக முரண்நகை. குழந்தையின் கடைசி வரி அதுதான். எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் நடுவே வரும் தலைகீழ் மாற்றம் சூழல் முரண்நகை. வீட்டில் ஒன்றைச் சரிசெய்தது வீட்டையே உடைக்கிறது. முரண் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பாத்திரங்களுக்கிடையேயான மோதலையும் குறிக்கும், செய்யுளில் தொடையையும் குறிக்கும்.

தொனியிலும் இதே சிக்கல் உண்டு. இன்று தொனி என்றால் கதை பேசும் குரலின் நிறம் என்று பொருள் கொள்கிறோம். வடமொழி அழகியலில் த்வனி என்பது குறிப்பாகத் தோன்றும் பொருள். தமிழ் விமர்சகர்கள் இரண்டு பொருளிலும் எழுதியிருக்கிறார்கள். படிக்கும் கட்டுரை எந்தப் பொருளில் எழுதுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்தாள்

இன்னும் இரண்டே கேள்வி. பின்னோக்கு உத்தியும் நனவோடையும் ஒன்றா? கதையில் உச்சகட்டம் எங்கே என்று குறிக்கச் சொல்கிறார்கள், இந்தத் துண்டில் அது எங்கே?

நிழல்வரி

நனவோடைக்கு நான் சொல்கிறேன். கதை நிகழ்காலத்தை விட்டுப் பழைய சம்பவத்துக்குப் போனால் பின்னோக்கு உத்தி, அது காலம் பற்றியது. மனதில் எண்ணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுவதை அப்படியே எழுத முயன்றால் நனவோடை. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் உளவியலில் பயன்படுத்திய சொல், ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர் 1918இல் அதை நாவலுக்குப் பயன்படுத்தினார். நனவோடையில் நினைவும் வரும் என்பதால் இரண்டையும் கலந்துவிடுகிறோம்.

பழையபக்கம்

உச்சகட்டத்துக்கு: கரும்பலகையில் முக்கோணம் போட்டு ஏற்றம், உச்சம், இறக்கம் என்று சொல்லித் தருகிறோமே, அது ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாஃப் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை மனதில் வைத்து வரைந்தது. அதை எல்லாச் சிறுகதை மேலும் மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் துண்டில் அப்பா போகும் காட்சியே எழுதப்படவில்லை. உச்சகட்டம் செவ்வாய் இரவில், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் நடந்துவிட்டது. தேர்வில் அப்படியே எழுதுங்கள், நிச்சயம் நின்று படிப்பார்கள்.

வெண்தாள்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு பத்தி எழுதினேன். திருத்திக் கொடுங்கள்.

"கதவின் சத்தம் இந்த வீட்டில் வரவை அறிவிப்பது. அதை அப்பா அடக்குவதிலேயே பிரிவு தொடங்குகிறது. சொல்வது குழந்தை என்பதால் அதற்கு அது வெற்றியாகத் தெரிகிறது. தாயின் கேள்விக்குப் பதில் வராததும், எண்ணெய் போன பிறகும் கை துடைப்பதும் வாசகருக்கு வேறொன்றை உணர்த்துகின்றன. கடைசி வரியில் 'நல்லாத்தான்' என்று வருகிறது. 'நல்லா' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். 'தான்' சேர்ந்ததால், யாரோ குறை சொன்னதற்குக் குழந்தை பதில் சொல்வது போல இருக்கிறது. குறை சொன்னது அம்மா. குழந்தை இன்னும் ஞாயிற்றுக்கிழமை வாதத்திலேயே இருக்கிறது, அப்பா பக்கம் நின்று அம்மாவிடம் வாதாடுகிறது. அம்மாவுக்கோ புதன்கிழமை வந்துவிட்டது."

எழுதி முடித்த பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. "நான்தான் டார்ச் பிடித்தேன்." அங்கேயும் ஒரு தான். அன்று குழந்தையாக இருந்தபோது சொன்னால் அது பெருமை. வளர்ந்த பிறகு இதைச் சொல்கிறார் என்றால், அப்பா போவதற்கு வெளிச்சம் காட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டு பேர் பேசுவது போல இருக்கிறது. இதற்குப் பெயர் இருக்கிறதா?

நிழல்வரி

இருக்கிறது. அனுபவிக்கும் நான், சொல்லும் நான் என்று பிரிப்பார்கள். ஒரே ஆள், இடையில் காலம். இதைப் பார்த்தபிறகு என் பழைய பதிவைத் திருத்த வேண்டும். பொருள் அந்தக் குழந்தைக்கு எட்டவில்லை என்று எழுதினேன். அன்று எட்டவில்லை. இதைச் சொல்லும்போது எட்டியிருக்கலாம். "எண்ணெய் போன பிறகும் துடைத்தார்" என்ற வரியை நினைவில் வைத்திருந்து சொல்பவர் அதன் பொருள் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தனிவழி

எனக்கு மறுபடியும் அடைத்துவிட்டது. இந்த முறை டார்ச்சில்.

பழையபக்கம்

வெண்தாள், அந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் தொட மாட்டேன். டார்ச் பற்றி எழுதியதை அடுத்த பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டை எழுதியபோது சாயங்காலம் ஆகிவிட்டதே, கீல் தெரியாதே என்றுதான் குழந்தை கையில் டார்ச்சைக் கொடுத்தேன். எத்தனையோ வகுப்பில் வாசித்திருக்கிறேன், அந்தத் "தான்" என் கண்ணில் பட்டதே இல்லை. நாளைக்கு வகுப்பில் இரண்டு வாக்கியங்களையும் பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப் போகிறேன்.